பச்சை ஓலையில் எழுதிய நம்பர்

விழுப்புரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எண்பது வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சர்க்கார் பணத்தில் கட்டிய வீடுகள். ஒவ்வொன்றின் வாசற்படிக்கு மேலேயும் ஒரு நம்பர் உண்டு. அதில் நாற்பத்தேழாம் நம்பர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து கூரைக்குத் தளம் போட்ட நாள் வரை தலையில் சட்டி சுமந்தவள் பாஞ்சாலி. அந்த வீடு அவள் பேரில் ரிஜிஸ்டரில் ஏறிய வீடு. பிறகு அதே வீட்டுக்கு மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தவளும் அவள்தான். இது எப்படி என்று கேட்டால், "அதுக்கு சாமர்த்தியம் பத்தாதுப்பா" என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். சாமர்த்தியமாவது மண்ணாங்கட்டியாவது! நடந்ததைக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லட்டும்.

பாஞ்சாலிக்குப் பிறந்த ஊர் வளவனூர்ப் பக்கம். கரும்பு வெட்டுகிற குடும்பம். கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தில் மூட்டை தூக்கும் நடராசனுக்கு. ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் அவன் தூக்காத மூட்டை இல்லை. வாய்க்கால்மேட்டில் ஒரு குடிசை போட்டுக் குடித்தனம் வைத்தான். இரண்டு பெண்களைக் கொடுத்தான், பெரியவள் அம்சா, சின்னவள் கிருஷ்ணவேணி. சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தபோதே இருமி இருமிச் செத்துப்போனான். பாஞ்சாலி ஒரு மாசம் அழுதாள். அடுத்த மாசம் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்கு வாய் இருந்தது. கொத்தனார் கையைப் பிடித்தால் கரண்டியால் அடிப்பேன் என்று சொல்லுகிற வாய்.

வாய்க்கால்மேட்டில் அப்போது எண்பது தொண்ணூறு குடிசைகள் இருக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வாய்க்கால் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வரும். அடுப்பு நனையும், அரிசி நனையும். சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற குடித்தனம் அது. பாஞ்சாலி பகலெல்லாம் ஊரான் வீட்டு மாடிக்கு ஜல்லி சுமப்பாள், சாயங்காலம் வந்து தன் வீட்டுத் தண்ணீரைச் சட்டியால் இறைத்துக் கொட்டுவாள். "ஒழுகாத கூரை ஒண்ணு. அதுக்கு மேல அந்த மாரியாத்தாகிட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்பாள். அவள் ஆயுசுக்கும் கேட்டது அது ஒன்றுதான்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் சேதி வந்தது. கொண்டு வந்தவன் சீனுவாசன். வார்டுக்குள் எது நடந்தாலும் முன்னால் நிற்கிற ஆள். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ரெண்டு பேனா. நகரத்து ஏழைகளுக்கு வீடு கட்ட மேலேயிருந்து பணம் ஒதுக்கியாகிவிட்டது, ரயில் பாதைக்கு அந்தாண்டை இடமும் பார்த்தாகிவிட்டது என்றான்.

"ஆபீசர் ஆளு வருவாரு. ஒவ்வொரு வூட்டுலயும் தாருல நம்பர் போடுவாரு. நம்பர் உழுந்தா மச்சு வூடு. நம்பர் இல்லன்னா நடுரோடு. அந்த வாரம் எவனும் வூட்ட வுட்டு அசையக் கூடாது, சொல்லிட்டேன்."

பாஞ்சாலி வேலைக்குப் போகாமல் நாலு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் காலையில் அம்சா பெரிய மனுஷியாகிவிட்டாள்.

சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். பாஞ்சாலியும் சந்தோஷப்பட்டாள். ஆனால் புருஷன் செத்தவள் அந்தச் சடங்கில் முன்னால் நிற்க முடியுமா? பெற்றவளே ஆனாலும் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும். வளவனூருக்கு ஆள் போயிற்று. தாய்மாமன் பச்சைமுத்து, பாஞ்சாலிக்குக் கூடப் பிறந்த அண்ணன், மறுநாளே ஒரு கட்டுத் தென்னை ஓலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். நடராசன் செத்தபோது மாலை வாங்கக் காசில்லை என்று கையை விரித்தவன் அவன். மருமகள் விஷயம் என்றதும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டான். உரிமை என்றால் ஓடிவருவான், உதவி என்றால் ஓடிப்போவான். அப்படி ஒரு பிறவி.

அவன்தான் குச்சு கட்டினான். குச்சு என்றால், வயசுக்கு வந்த பெண் தனியாக உட்கார வீட்டு வாசலில் பச்சை ஓலையால் கட்டுகிற சின்னக் குடிசை. ஆள் குனிந்து போகலாம், ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பெண்ணை வீட்டுக்குள் அழைத்தபிறகு, கட்டிய மாமனே அதைப் பிரித்துக் கொளுத்திவிடவேண்டும். பாஞ்சாலியின் குடிசை வடக்குப் பார்த்தது, கூரை கறுத்து மண்ணோடு மண்ணாகக் குனிந்து கிடந்தது. அதற்கு முன்னால் கிழக்குப் பார்த்துப் பச்சைப்பசேலென்று குச்சு எழுந்து நின்றது. தெருவிலிருந்து பார்த்தால் அது ஒன்றுதான் கண்ணில் படும்.

குச்சுக்குள் அம்சா உட்கார்ந்து மூன்றாம் நாள், கையில் தார் டப்பாவும் தூரிகையுமாகக் கணக்கெடுக்கிற முத்துசாமி வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கக்கத்தில் ரிஜிஸ்டர், தலையில் துண்டு. பாவம், காலையிலிருந்து சேற்றில் நடந்திருந்தார்.

"யாரும்மா வூட்ல?"

"இருக்கேன் சார். அங்கியே நில்லுங்க சார். பொண்ணு உக்காந்துகினு இருக்குது. தீட்டு வூடு, தாண்டி வராதீங்க."

அவள் வாய்தான் சொன்னது. அந்த ஒரு வார்த்தையை எத்தனை வருஷம் நினைத்து நினைத்து நெஞ்சில் குத்திக்கொண்டாள்! ஆனால் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு வந்த மனுஷனைத் தீட்டில் மிதிக்க விடலாமா? முத்துசாமியும் நல்லதாய்ப் போயிற்று என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"எத்தினி குடும்பம்?"

"ஒண்ணுதான் சார். நானும் என் ரெண்டு பொண்ணுங்களும். அவுரு பூட்டாரு."

எழுதிக்கொண்டார். தூரிகையைத் தாரில் முக்கி, எதிரே இருந்த குச்சின் ஓலைத் தட்டியில் 47 என்று பெரிசாக எழுதினார். உள்ளே உட்கார்ந்திருந்த அம்சாவின் பாவாடையில் ஒரு சொட்டுத் தார் விழுந்தது.

"சார், சார், அது குச்சு சார்! வூடு பின்னாடி இருக்குது."

"ஈரச் செவுத்துல தாரு எங்கம்மா ஒட்டும்? எல்லாம் ஒண்ணுதான். ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. போ, போய் பொண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் குடு."

சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷன் என்று பாஞ்சாலியும் நினைத்துக்கொண்டாள். அடுத்த குடிசை லூர்துமேரியுடையது. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், கருவாட்டு வியாபாரம். அவள் வீட்டுக் கதவு பழைய பெட்டிப் பலகை. அதில் 48 என்று கொட்டையாக விழுந்தது. ரெண்டு பேரும் அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்துப் பக்கத்து வீடு என்று பேசி மகிழ்ந்தார்கள். புது வீட்டுக்கும் நடுவில் வேலி போடவேண்டாம் என்று முடிவுகூடச் செய்தாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியவர்கள் தெருவில் தாலியோடு இருந்த ஐந்து பேர். பாஞ்சாலி கூரை ஓரமாக நின்று பார்த்தாள். பெண்ணை உள்ளே அழைத்துக்கொண்டு போனதும் பச்சைமுத்து குச்சைப் பிரித்துக் குவிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் லூர்துமேரி பாஞ்சாலியின் காதில் சொன்னாள்.

"அக்கா, நம்பர் போட்ட கீத்த மட்டும் எடுத்து வச்சிக்கோ. எதுக்கும் இருக்கட்டும்."

பாஞ்சாலி ஓடிப்போய் அண்ணன் கையிலிருந்த ஓலைத் தட்டியைப் பிடித்தாள்.

"அண்ணே, இது ஒண்ணு வேணாம். சர்க்கார் நம்பரு. கூரையில சொருகி வச்சிக்கிறேன்."

"இன்னா பேசற நீ? குச்சுல ஒரு ஈர்க்கு மிச்சம் வச்சாலும் பொண்ணு வாழ்க்க விளங்குமா? உனுக்குத்தான் வாழ வழியில்லாம பூட்ச்சி, அதுக்கும் அப்பிடியே ஆவணுமா?"

சுற்றி நின்ற பெண்களும் உச்சுக் கொட்டினார்கள். "விடும்மா பாஞ்சாலி, பொண்ணா வூடா?" என்றாள் ஒருத்தி. தாலி அறுத்தவள் என்று சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் அவள் என்ன பேசுவாள்? எவனுக்கும் அடங்காத வாய் அன்றைக்கு அடங்கிப்போயிற்று. ரிஜிஸ்டரில்தான் ஏற்றியாகிவிட்டதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை எடுத்தாள். பச்சை ஓலை லேசில் எரியாது, புகைந்தது. தார் பட்ட இடம் மட்டும் குப்பென்று முதலில் பிடித்துக்கொண்டது.

மாசி மாசம் ஜீப் வந்தது. இந்தத் தடவை வந்தவர் பெரிய ஆபீசர். கூடவே சீனுவாசன், பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு. நம்பரைப் படித்தார், வீட்டைப் பார்த்தார், டிக் அடித்தார். நாற்பத்தாறு இருந்தது. நாற்பத்தெட்டு இருந்தது. நாற்பத்தேழு இல்லை.

"நான்தான் சார் நாப்பத்தேழு. பாஞ்சாலி."

ஆபீசர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "புதிய ஓலைக் குடிசை, கிழக்குப் பார்த்தது என்று எழுதியிருக்கிறது. உன் வீடு பழசு. வடக்குப் பார்த்திருக்கு. நம்பரும் இல்லை."

"அது குச்சு சார். பொண்ணு உக்காந்த குச்சு. சடங்கு முடிஞ்சு கொளுத்திட்டோம்."

"வீடு தர்றோம்னு தெரிஞ்சதும் புதுசா ஒண்ணப் போட்டு நம்பர் வாங்கறது, அப்புறம் பிரிச்சிடறது. இது மாதிரி எத்தனை பார்த்திருக்கேன்!"

லூர்துமேரி குறுக்கே புகுந்தாள். "அய்யோ, மாதா சத்தியமா குச்சு சார். இந்தப் பொண்ணுதான் பெரிய மனுஷி ஆச்சு." ஜீப்பில் வந்த ஆண்களெல்லாம் திரும்பி அம்சாவைப் பார்த்தார்கள். டிரைவர் சிரித்தான். பதிமூன்று வயசுப் பெண், பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. பாஞ்சாலி விடவில்லை. எந்தத் தேதியில் உட்கார்ந்தாள், எந்தத் தேதியில் தண்ணீர் ஊற்றினோம் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். கத்தி என்ன? "எழுத்தில் இல்லையே அம்மா" என்றார் ஆபீசர். பட்டியலில் நாற்பத்தேழுக்கு நேராக 'காலி' என்று எழுதினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது கோயிலுக்கு மட்டுமா பொருந்தும்?

எழுதியவரையே பிடிப்போம் என்று பாஞ்சாலி முத்துசாமியைத் தேடினாள். திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். ஆபீஸ் வாசல் டீக்கடையில் அவரைக் கண்டுபிடித்தாள். பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை.

"ஆமாம்மா, ஞாபகம் இருக்குது. மழை. உம் பொண்ணு குச்சுல இருந்துச்சு. நான்தான் அதுல எழுதினேன்."

"அத்த ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

முத்துசாமி டீயைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"எப்பிடிம்மா எழுதறது? வூட்டுக்குள்ள போவாம, அளக்காம, குச்சு மேல நம்பர் போட்டேன்னு நானே எழுதிக் குடுத்தா என்னைத் தூக்கிடுவாங்க. மெமோ வரும். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்கதான் சார்."

அவர் கடைப் பக்கம் திரும்பினார். டீக்கடைக்காரரிடம், "இந்தம்மாவுக்கு ஒரு டீ போடுங்க" என்றார். பாஞ்சாலி அந்த டீயை வாங்கி அவர் காலடியில் கொட்டிவிட்டு வந்தாள். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. கடலூருக்குக் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு மூன்று தடவை போனாள். மூன்று மனுவுக்கும் ஒரே பதில் வந்தது. தணிக்கையின்போது குடிசை இல்லை என்று.

எண்பத்து மூன்றில் வீடு கட்டத் தொடங்கினார்கள். பாஞ்சாலி அங்கேயே சித்தாள் வேலைக்குப் போனாள். மானம் ரோஷம் இல்லையா என்று கேட்பீர்கள். வயிறு கேட்டால் ரோஷம் என்ன செய்யும்? சின்னவளை மணல் குவியலில் உட்காரவைத்துவிட்டுச் சட்டி தூக்கினாள். நாற்பத்தேழுக்குச் சுவர் எழும்பியபோது கொத்தனாரிடம் சண்டை போட்டாள். "இன்னாய்யா கலவை இது, வெறும் மணலு! சிமிட்டி எங்க போவுது?" சிமெண்டு எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்; அந்த வருஷம் சீனுவாசன் தன் வீட்டுக்கு மாடி எடுத்தான். கொத்தனார் சிரித்தான். "உன் வூடா இது, இந்தக் குதி குதிக்கற?" பாஞ்சாலி பேசாமல் போய் ஒரு சட்டி சிமெண்டு அதிகமாகக் கொண்டுவந்து கொட்டினாள். பிறகு தளம் போட்டுக் கூரையில் தண்ணீர் தேக்கியபோது ஒரு பொட்டு ஒழுகுகிறதா என்று கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வாய்க்கால்மேட்டுக் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். நம்பர் உள்ளவர்கள் வண்டியில் சாமான் ஏற்றினார்கள். நம்பர் இல்லாதவள் சாமானோடு ரோட்டில் நின்றாள். சீனுவாசன் சொன்னது பலித்துவிட்டது. காலி என்று எழுதிய நாற்பத்தேழு யாருக்குப் போயிற்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சீனுவாசனின் மாமியாருக்கு. வாய்க்கால்மேடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்தம்மாவுக்குத் தெரியாது. மச்சு வீட்டில் ஊஞ்சல் போட்டு ஆடுகிறவள்.

அவனே வந்து கூப்பிட்டான். "அனாதையா நிக்காதம்மா. நாப்பத்தேழு சும்மாத்தான் கெடக்குது. வாடகைக்கு இருந்துக்கோ. உனக்குன்னா கொறைச்சுக்கறேன்." தர்மப் பிரபு! பாஞ்சாலிக்கு அவன் முகத்தில் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. ரெண்டு பெண்கள், வானத்தில் கருத்த மேகம். துப்பவில்லை. சாமானைத் தூக்கிக்கொண்டு போனாள். லூர்துமேரி மட்டும் வாசலில் நின்று அழுதாள். "வா அக்கா. வேலி போடல, பாரு."

கூரை ஒழுகவில்லை. ஆனால் பாஞ்சாலியின் நெஞ்சில் ஒன்று ஒழுக ஆரம்பித்துவிட்டது. வாடகை கொடுக்கிற நாள் வந்தால் போதும், யார் மேலாவது எரிந்து விழுவாள். முத்துசாமியைத் திட்டினாள், அண்ணனைத் திட்டினாள், ஆபீசரைத் திட்டினாள். அவர்கள் யாரும் காது கேட்கிற தூரத்தில் இல்லை. காது கேட்கிற தூரத்தில் இருந்தவள் அம்சா. ஒரு நாள் வாடகையைக் கொடுத்துவிட்டு வந்தவள், பெண் தலை சீவிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு வாரம் பொறுத்து உக்காந்திருக்கக் கூடாதாடி நீ? ஊர்ல எந்தப் பொண்ணுக்கும் அந்த வாரம் வரல, உனக்கு வந்துச்சு. எவ நேரமோ, என் வூட்ட எரிச்சுட்டுத்தான் பெரிய மனுஷி ஆன."

அம்சா சீப்பைக் கீழே வைத்தாள். "நானாம்மா கேட்டேன்?" என்றாள். அவ்வளவுதான். ஆத்திரத்தில் சொன்ன பேச்சு, மறுநாள் மறந்துவிடும் என்று பாஞ்சாலி நினைத்தாள். மறக்கவில்லை, அவளே மறக்க விடவில்லை. ஒரு தடவை வாயில் வந்த பேச்சு மாசா மாசம் வர ஆரம்பித்தது. சின்னவள் கிருஷ்ணவேணி மூலையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

எண்பத்தாறில் அம்சாவுக்குக் கிளியனூரில் மாப்பிள்ளை அமைந்தது. வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மிஷினில் வேலை, குடிப்பான். சொந்த வீடு இருந்திருந்தால் நல்ல இடம் வந்திருக்கும் என்று பாஞ்சாலி கல்யாணத்தன்றும் சொன்னாள். அம்சா தாலியோடு பஸ் ஏறும்போது அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலை தீபாவளிக்கு வரவில்லை. அடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டதற்கு, "நான் வந்தா அந்த வூட்டுக்கு இன்னா ஆவுமோ" என்று சொல்லி அனுப்பினாள். ஒரு ஈர்க்கு மிச்சமில்லாமல் கொளுத்தினானே மாமன், இந்த வாழ்க்கைக்குத்தானா?

எண்பத்தொன்பதில் ஆட்சி மாறியது, காற்றும் மாறியது. ஆள் மாறினால் மேளம் மாறும். சீனுவாசனின் வெள்ளைச் சட்டைக்கு ஆபீசில் மதிப்புக் குறைந்தது. காலனி வீடுகளில் யார் உண்மையாகக் குடியிருக்கிறார்களோ அவர்கள் பேருக்கே எழுதப்போகிறார்கள், வீடு வீடாகப் பார்க்க ஆள் வருவார்கள் என்று சேதி வந்தது. பாஞ்சாலி முதலில் நம்பவில்லை. லூர்துமேரியின் மகன் தாலுக்கா ஆபீசில் ஒட்டிய நோட்டீசைப் படித்துவிட்டு வந்து சொன்னபிறகுதான் நம்பினாள்.

சீனுவாசன் வந்தான். "ஒரு நாலு நாளு அண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வாயேம்மா. அத்தையக் கொண்டாந்து உக்கார வைக்கணும். முடிஞ்சதும் நீயே இரு."

"நாலு நாளா? நாலு நிமிசம் நகர மாட்டேன். போய்யா, ஜல்தியா எடத்தக் காலி பண்ணு."

கதவைச் சாத்தினாள். எட்டு வருஷம் கழித்து அவளுடைய பழைய வாய் திரும்ப வந்துவிட்டது. அப்புறம் கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவளுக்கும் அப்போது பதிமூன்று.

"இந்தாடி, நல்லாக் கேட்டுக்கோ. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இந்த வூட்ல ஒண்ணும் ஆவக் கூடாது. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். ஒரு ஆளு படி தாண்டக் கூடாது, ஒரு துரும்பு அசையக் கூடாது. போன தபா உங்க அக்காவால பட்டது போதும்."

கிருஷ்ணவேணி தலையை ஆட்டினாள். மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள் பாஞ்சாலி. வேலைக்குப் போகவில்லை. பெண்ணையும் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் கிருஷ்ணவேணி சரியாகச் சாப்பிடவில்லை, காலையில் சீக்கிரமே எழுந்து பின்பக்கம் போய்க் குளித்தாள், மூலையில் சுருண்டு சுருண்டு படுத்தாள். "இன்னாடி பேஜாரு பண்ற?" என்று கேட்டதற்கு வயிற்று வலி என்றாள். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு பாஞ்சாலி மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

அஞ்சாம் நாள் வந்தார்கள். சின்ன வயசு ஆபீசர், நல்ல மாதிரியாகப் பேசினார். பாஞ்சாலி முன்னால் ஓடினாள். "உள்ள வாங்க சார், உள்ள வாங்க. நல்லாப் பாருங்க. அளந்து பாருங்க." அவர் உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார். லூர்துமேரி சாட்சி சொன்னாள். "பாஞ்சாலி, கணவர் பெயர் நடராசன், ஆறு வருஷமாகக் குடியிருப்பு" என்று அவர் எழுதும்போது பாஞ்சாலி எழுத்துத் தெரியாமலேயே எட்டி எட்டிப் பார்த்தாள். பெருவிரலில் மை தடவி அழுத்தினார். கதவில் ஒரு சீட்டை ஒட்டினார். மரக்கதவு, மழையில்லாத நாள், பசை நன்றாகப் பிடித்தது.

ஜீப் தெரு முனை திரும்புகிறவரை பாஞ்சாலி நின்றாள். பிறகு சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். உள்ளே வந்து, சிரிப்பும் அழுகையுமாக, "அடியே வேணி, முடிஞ்சுதுடி! நம்ப வூடுடி!" என்றாள்.

கிருஷ்ணவேணி மூலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒண்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால், கேழ்வரகுப் பானைக்கு அடியில், சுருட்டித் திணித்த பழந்துணி. பாஞ்சாலி இழுத்துப் பார்த்தாள். அரைகுறையாய் அலசிக் காயாத துணிகள், நாலைந்து நாளைய துணிகள்.

"என்னைக்குடி?"

"திங்கக்கெழம."

"அஞ்சு நாளாவா? அடிப் பாவி, ஏண்டி சொல்லல?"

பெண் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தது. பயத்தில் உதடு காய்ந்துபோயிருந்தது.

"அவங்க நெசமாவே பூட்டாங்களாம்மா? திரும்பி வர மாட்டாங்க இல்ல? இப்ப நான் சொல்லலாமா?"

பாஞ்சாலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தான் பெற்றது ரெண்டு. ஒன்றை வார்த்தையாலேயே வீட்டை விட்டுத் துரத்தினாள். இன்னொன்று பெரிய மனுஷியானதைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைத்திருக்கிறது. முத்துசாமியைத் திட்டலாம், சீனுவாசனைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது? பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளக் கையை நீட்டினாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து அது கைகளால் தலையை மூடிக்கொண்டது.

வெளியே லூர்துமேரியின் குரல் கேட்டது. "அக்கா, வாக்கா வெளிய! சீட்டப் பாக்கத் தெருவே வந்திருக்குது!"

பாஞ்சாலி எழுந்து போகவில்லை.